ஆளுயரத் திரி

முகத்தைப் பார்த்துக் கதைக்கிற பழக்கம் அவருக்கு இல்லை. வாசலில் நிழல் விழுந்தால் முதலில் வந்தவரின் உச்சந்தலையைப் பார்ப்பார். கண் அங்கிருந்து ஆற அமர இறங்கிக் குதிகாலில் போய் நிற்கும். அதற்குப் பிறகுதான் "வாங்க" என்பார்.

கொட்டாஞ்சேனையிலிருந்து அந்தோனியார் கோயிலுக்கு இறங்குகிற சந்தொன்றில், துறைமுகத்துக் கப்பல்கள் ஊதுவது கேட்கிற தூரத்தில், ஒரு தகரக் கூரைக்குக் கீழே அவர் மெழுகுதிரி வார்த்துக்கொண்டிருந்தார். நாற்பதைத் தாண்டிய தனியாள். சேலைத் தலைப்பை இடுப்பில் இறுக்கிச் செருகியிருப்பார். மெழுகு தெறித்துத் தெறித்து, முழங்கைக்குக் கீழே தோல் கோயில் தூண் மாதிரி வழுவழுத்துப் போயிருந்தது. அந்தச் சந்தில் எல்லாருக்கும் அவர் அக்காதான். அவரைவிட வயதில் மூத்தவர்களும் அக்கா என்றார்கள்.

நான் அப்போது பக்கத்துத் தெரு அச்சகமொன்றில் புரூஃப் பார்த்துக்கொண்டிருந்தேன். யுத்த காலம். மின்வெட்டும் சேர்ந்த காலம். முதல்நாள் நான் போனபோது என்னையும் தலையிலிருந்து காலுக்குப் பார்த்துவிட்டு, "என்ன வருத்தம் தம்பி, காய்ச்சலா?" என்றார்.

"வருத்தம் ஒண்டும் இல்லையக்கா. வீட்டில கரண்ட் இல்லை. சின்னத் திரி ஒரு கட்டுத் தாங்கோ."

"அப்ப நல்லது. உங்கட உயரத்துக்கு மெழுகு நிறையப் போகும். வருத்தம் வராமப் பாத்துக்கங்க."

அவர் சொன்னதன் அர்த்தம் எனக்குப் பிறகுதான் விளங்கிற்று. வீட்டுத் திரிகள் அவருக்கு வயிற்றுப்பாடு. அவருடைய உயிர் கிடந்தது ஆளுயரத் திரியில். காய்ச்சலில் கிடக்கிற பிள்ளைக்கோ, கப்பலுக்குப் போகிற புருஷனுக்கோ, சோதனை எழுதுகிற மகளுக்கோ அந்தோனியாரிடம் நேர்த்தி வைப்பவர்கள், அந்த ஆளைக் கூட்டிக்கொண்டு இவரிடம் வருவார்கள். திரிக்கு முறுக்கிய பருத்தி நூலின் ஒரு நுனியை அந்த ஆள் தன் குதிகாலால் மிதித்துக்கொள்ள வேண்டும். அக்கா நூலை முதுகெலும்பு வழியே மேலே கொண்டுபோய், உச்சியில் விரல் வைத்துப் பிடித்து, அந்த இடத்தில் பல்லால் கடித்து அறுப்பார். கத்தரிக்கோல் படக்கூடாது. உடம்பைத் தொட்ட அந்த நூல்தான் திரி. அதைச் சுற்றித்தான் மெழுகு ஏறும். ஆள் எவ்வளவோ, திரியும் அவ்வளவு.

இது எங்கிருந்து வந்த வழக்கம் என்று கேட்டால் அவரிடம் ஒரு கதை இருந்தது. ஒல்லாந்தர் ஆண்ட காலத்தில் கத்தோலிக்கருக்குக் கோயில் இல்லை, சுரூபம் இல்லை, பாதிரிமார் ஒளிந்து திரிந்தார்கள். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து தோணியில் வந்த அவருடைய ஆட்கள், கும்பிட ஒன்றும் இல்லாமல், தங்களைத் தாங்களே நூலால் அளந்து, மெழுகு பூசி, கதவைச் சாத்திக்கொண்டு கொளுத்தினார்களாம். "சுரூபத்தப் பறிக்கலாம். ஆளோட உயரத்த எவன் பறிக்கிறது?" என்பார். அது உண்மையா என்று நான் எந்தப் புத்தகத்திலும் தேடவில்லை. அவர் சொன்ன விதத்திலேயே எனக்குப் போதுமாக இருந்தது.

மெழுகைப் பற்றிப் பேசும்போது அவர் வேறு ஆள். அந்தக் காலத்து மெழுகு தேனீயுடையது, வன்னிக் காட்டிலிருந்து தேனெடுப்பவர்கள் கொண்டுவந்தது, எரியும்போது வீடே இனிக்கும் என்பார். பீடத்துக்கு அதுதான் ஆகும் என்று பாதிரிமார் பிடிவாதமாக நின்றார்களாம். பிறகு கப்பலில் வந்து இறங்கிற்று வெள்ளை மெழுகு, பலகை பலகையாக. "பூச்சி உழைச்சது போய், நிலத்துக்குள்ள கிடந்தது வந்திச்சு. நெருப்புக்குத் தெரியுமா வித்தியாசம்? மூக்குக்குத்தான் தெரியும்." வன்னிப் பாதை அடைபட்ட பிறகு மஞ்சள் மெழுகு வரவில்லை. அதற்காக அவர் ஒருநாளும் ஒப்பாரி வைத்ததில்லை. இருட்டு அவருக்கு வியாபாரம் கொடுத்தது. கொம்பனித்தெருவிலிருந்து வருகிற கடைக்கார நானா பெட்டி பெட்டியாகத் திரி ஏற்றிக்கொண்டே, "அல்லா கரண்ட நிப்பாட்டினதே ஒங்களுக்காகத்தான் தங்கச்சி" என்பார்.

"அப்ப அடுத்த மாசமும் நிப்பாட்டச் சொல்லி நீங்களே தொழுதிடுங்க நானா. நான் சொன்னா அவர் கேக்க மாட்டார்."

கொலன்னாவையில் புலிகளின் தாக்குதலில் எண்ணெய்த் தாங்கிகள் எரிந்தபோது கொழும்பின் வானத்தில் பாதி கறுத்துப் போயிற்று. அச்சகத்தை மூடிவிட்டு எல்லோரும் தெருவில் நின்று, இனி யாரைப் பிடிப்பான்கள், எங்கே அடிப்பான்கள் என்று கிசுகிசுத்துக்கொண்டிருந்தோம். அவர் கையில் அகப்பையோடு வாசலுக்கு வந்து, கண்ணைச் சுருக்கி அந்தப் புகையைப் பார்த்தார். "கறுப்புப் புகை வந்தா திரி பெருத்துப் போச்சு என்டு அர்த்தம்" என்றார். "எவ்வளவு மெழுகு ஊத்தினாலும் காணாது." பிறகு உள்ளே போய்விட்டார். யுத்தத்தைப் பற்றி அவர் சொல்லி நான் கேட்டது அவ்வளவுதான்.

மத்தியானச் சாப்பாட்டு நேரங்களில் அவர் வார்ப்பதைப் பார்ப்பதற்கென்றே போவேன். சின்னத் திரிகளுக்கு ஒரு சைக்கிள் ரிம். அதைக் கூரை வளையில் கட்டி, சுற்றிலும் நூல்களைத் தொங்கவிட்டிருப்பார். ரிம்மை இடது கை மெல்லச் சுழற்ற, வலது கையின் அகப்பை ஒவ்வொரு நூலிலும் உருகிய மெழுகை வடிய விடும். ஒரு சுற்று முடிவதற்குள் முதல் நூல் ஆறியிருக்கும். அடுத்த சுற்று, அதற்கடுத்த சுற்று. மழை தன் துளிகளைத் திருப்பி எடுத்து அடுக்கி வைப்பது போலிருக்கும் எனக்கு. ஆளுயரத் திரிக்கு ரிம் இல்லை. தனி ஆணி. அவர் வாங்குப் பலகைமேல் ஏறி நின்று ஊற்றுவார். மெழுகு கீழே வழிந்து அடி பருத்துவிடும் என்பதால், இடைக்கிடை திரியைக் கழற்றித் தலைகீழாக மாட்டி ஊற்ற வேண்டும். தலைப்பக்கம் எது என்று மறக்காமலிருக்க நூலின் நுனியில் ஒரு சிவப்பு இழை. "மறந்தோமோ, ஆளக் காலிலிருந்து எரிச்சிருவோம்." கடைசியாக, ஈரப் பலகையில் கிடத்தி, கையால் உருட்டி நேராக்குவார். பிள்ளையைக் குளிப்பாட்டுகிற கை அது.

ஒருமுறை வசதியான ஒரு அம்மா, காரில் வந்தவர், காற்சட்டை போட்ட பேரனை அளந்து முடிந்ததும், "கொஞ்சம் கூட்டிச் செய்யுங்க. பெருசா இருந்தா கோயில்லயும் எடுப்பா இருக்கும்" என்றார்.

"கூட்டினா வேற ஆளாயிடும்மா."

"ஒரு சாண்தானே?"

"ஒரு சாண் கூடின பிள்ளை எங்கயோ ஒண்டு இருக்கும். சுகம் அதுக்குப் போச்சு என்டா, நீங்க திரும்பி வந்து என்னோட சண்டை பிடிக்க மாட்டீங்களா?"

அந்த அம்மா சிரிக்கவில்லை. வேறு இடத்துக்குப் போவதாகச் சொன்னார். அக்கா அளந்த நூலைச் சுருட்டிப் பேரனின் கையில் வைத்து, "பத்திரம்" என்று வழியனுப்பினார். அளவு விஷயத்தில் அவர் அப்படித்தான். மெழுகு குறைவாய் விழுந்தால் ஊற்றலாம், கூடினால் சீவலாம், நூல் மட்டும் ஆள் தந்த அளவு, அதில் தனக்கு உரிமை இல்லை என்பார். முடிச்சுப் போட்ட திரியை அவர் பட்டறையில் நான் கண்டதில்லை.

எங்கள் வீட்டுக்கார மாமியை அவரிடம் கூட்டிப்போனவன் நான்தான்.

வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் இறங்குகிற ஒரு ஒழுங்கையில் மாமியின் வீட்டு முன்னறையில் நான் வாடகைக்கு இருந்தேன். மகனை வெளிநாட்டுக்கு அனுப்புவதற்காக யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, அந்த வீட்டை எடுத்துத் தங்கியவர். மகனுக்கு இருபது வயது. அடையாள அட்டையில் யாழ்ப்பாண விலாசம். ஒரு விடியற்காலைச் சுற்றிவளைப்பில், பல் விளக்கிக்கொண்டு நின்றவனை அப்படியே கொண்டுபோய்விட்டார்கள். அதற்குப் பிறகு மாமி ஏறாத பொலிஸ் நிலையம் இல்லை. போன இடமெல்லாம் ஒரே பதில், அப்படி ஒருவரும் இங்கே இல்லை. விடுபட்டு வந்த ஒரு பொடியன் மட்டும், கொட்டாஞ்சேனைப் பக்கத்து நிலையமொன்றில் அவனைப் பார்த்த மாதிரி இருக்கு என்றான். பார்த்த மாதிரி. மாமி அந்த இரண்டு சொல்லையும் சோற்றுக்குப் பதிலாகத் தின்றுகொண்டிருந்தார்.

"பிள்ளையாருக்குத் தேங்காய் உடைச்சாச்சு. அம்மனுக்கு மடை வைச்சாச்சு. இனி அந்தோனியாரையும் ஒருக்காக் கேட்டுப் பாப்பம். செவ்வாய்க்கிழமையில சிங்கள ஆக்களும் போகினமாமே" என்றார்.

அக்கா வழக்கம்போல மாமியைத் தலையிலிருந்து பார்த்துக் காலுக்கு வந்தார்.

"யாருக்கு?"

"பிள்ளை, என்ர மகனுக்கு."

"ஆள் எங்க?"

மாமி என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் சொன்னேன். அக்கா அடுப்பின் திரியைக் குறைத்தார்.

"ஆள் இல்லாம நான் வார்க்கிறதில்லம்மா."

"அவன்ர சேட்டும் காற்சட்டையும் கொண்டு வந்தனான். இரண்டையும் கூட்டி அளந்து பாருங்கோவன்."

"சேட்டுக்கா நேர்த்தி வச்சீங்க?" குரலில் கோபம் இல்லை. "ஆள் நிக்காம அளக்கிறது செத்தவங்களுக்கு. அது பெட்டி செய்றவர் வேல. உங்கட மகன் செத்திட்டாரா?"

மாமி நிமிர்ந்து பார்த்தார். அந்தக் கேள்வியை அதுவரை யாரும் அவரிடம் கேட்டதில்லை. எல்லோரும் சுற்றிச் சுற்றித்தான் கதைத்தோம். "இல்லை" என்றார் மாமி, அடித்தொண்டையில். "இல்லையெண்டுதான் நான் நினைக்கிறன்."

"அப்ப அளக்கணும்." எந்த நிலையம் என்று கேட்டார். நான் சொன்னதும் புதுநூல் ஒன்றைச் சுருட்டி இடுப்பில் செருகினார். "அங்க ஒரு சார்ஜன் இருக்கிறார். அவர்ட மகளுக்குக் காய்ச்சல் வந்தப்ப நான்தான் அளந்தேன். அந்தப் பிள்ள என்ட தோள்ல சாஞ்சுதான் நின்டிச்சு. போய்க் கேப்பம்."

நானும் எழும்பினேன்.

"நீங்க எங்க தம்பி? நீங்க வந்தா ரெண்டு அளவு எடுக்க வேண்டி வரும்."

மாமி அந்த நாட்களில் முதல்முறையாகச் சிரித்தார். சிரித்த வாயைக் கையால் பொத்திக்கொண்டார், குற்றம் செய்தவர் போல.

நிலையத்துக்குள் போகாமல், எதிர்ப்புறத்துத் தேநீர்க் கடையில் மாமியும் நானும் இருந்தோம். உள்ளே நடந்ததை அக்கா பிறகு நடித்தே காட்டினார். சார்ஜன் முதலில் தலையையே தூக்கவில்லையாம். அப்படி ஒருவரும் இங்கே இல்லை என்று சிங்களத்தில் சொன்னாராம். இவரும் சிங்களத்திலேயே, "இல்லாட்டிப் பரவாயில்ல மாத்தயா. செவ்வாய்க்கிழம கோயிலுக்கு வருவீங்கதானே? அளக்க விடயில்ல என்டு நீங்களே அந்தோனியார்ட்டச் சொல்லிருங்க. நான் எப்பிடிச் சொல்றது?" என்றிருக்கிறார். சார்ஜன் பேனையை மூடினாராம். திறந்தாராம். வாசலைப் பார்த்தாராம்.

"நூல் மட்டும்தானே நங்கி?" என்றாராம், தங்கச்சி முறை வைத்து.

"நூல் மட்டும்தான். ஒரு வார்த்த கதைக்க மாட்டேன்."

சார்ஜன் அவனைக் காட்டியபோது அவர் கதைக்கவில்லை. அதுதான் அவர். அம்மா வெளியே நிற்கிறார் என்றுகூடச் சொல்லவில்லை, சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்ததால். நூலின் நுனியை அவன் குதிகாலுக்குக் கீழே வைத்து, முதுகு வழியே மேலே கொண்டுபோய், உச்சியில் விரல் வைத்து, அவன் தலைக்குப் பக்கத்தில் குனிந்து பல்லால் கடித்துவிட்டு வந்திருக்கிறார்.

தெருவைக் கடந்து வரும்போது அவர் நடையில் அவசரம் இல்லை. மாமியின் முன்னால் வந்து நின்று, "இருக்கிறார்" என்றார்.

மாமி அந்த நூலை வாங்கிக் கண்ணில் ஒற்றினார், முத்தமிட்டார், மணந்து பார்த்தார். தேநீர்க் கடைக்காரர் கையில் கோப்பையோடு அப்படியே நின்றுவிட்டார். பிறகு மாமி செய்ததை நாங்கள் யாரும் எதிர்பார்க்கவில்லை. செருப்பைக் கழற்றி, நூலின் ஒரு நுனியைத் தன் குதிகாலால் மிதித்து, மற்ற நுனியை மேலே இழுத்துப் பிடித்தார். நூல் அவருடைய நெற்றியோடு நின்றுவிட்டது.

"இதென்ன?" என்றார். "அவன் என்னிலும் ஒரு சாண் உயரமெல்லோ. நான் அண்ணாந்துதானே அவனைப் பாக்கிறனான். இதென்ன பிள்ளை, என்ர நெத்திக்குத்தானே வருது?"

நான் அக்காவைப் பார்த்தேன். அவர் மாமியின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். உச்சந்தலையை அல்ல, முகத்தை.

"என்ட பிழையம்மா" என்றார். "பொலிஸ்காரர் முன்னால நின்டாரா, கை நடுங்கிட்டு. அவசரத்தில நூலக் கட்டையாக் கடிச்சிட்டேன்."

"அப்ப அவன்…"

"நேராத்தான் நின்டார். நல்ல உயரமான பிள்ள. நான்தான் பிழ விட்டேன்."

மாமிக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபத்தில் உயிர் இருந்தது. "இவ்வளவு தூரம் போயும் வடிவாக் கடிக்கத் தெரியேல்லையே! இன்னொருக்காப் போய்க் கேக்கேலுமே?" என்று படபடத்தார். அக்கா தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டு நின்றார், பாடம் மறந்த பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி. பிறகு, ஒன்றரைச் சாண் கூட்டிக் கட்டித் தருவதாகச் சொன்னார்.

மாமியைத் தேநீரோடு விட்டுவிட்டு நான் பட்டறைக்குப் போனேன். அவர் நூலோடு இன்னொரு துண்டு நூலை முடிந்துகொண்டிருந்தார். முடிச்சு விழ மறுத்தது. அந்த விரல்களுக்கு அது பழக்கமில்லாத வேலை.

"நிமிர ஏலாம நிக்கிறானா?" என்றேன்.

"முதுகில நூலக் கொண்டு போனப்ப என்ட விரலுக்கு எல்லாம் தெரிஞ்சிச்சு." முடிச்சை மெழுகில் தோய்த்து அமுக்கினார். "பொய்யத் தலைப்பக்கம் வச்சிருக்கிறேன் தம்பி. மேலேருந்துதானே எரியும். முதல்ல அது போயிரும். பிறகு மிச்சம் நிக்கிறது அந்தப் பிள்ளதான்."

செவ்வாய்க்கிழமை திரியைக் கோயில் முற்றத்து மணலில் நட்டோம். சுடர் முடிச்சுக்கு வந்ததும் படபடவென்று பொரிந்து, ஒரு கணம் நீலமாகி, கறுப்பாக ஊதிற்று. மாமி பதறிவிட்டார். பக்கத்தில் நின்ற சந்துக்காரர்கள் திரியைப் பார்த்தார்கள், பிறகு அக்காவைப் பார்த்தார்கள். அவர் வார்த்த திரி பொரிந்ததை அவர்களும் அப்போதுதான் காண்கிறார்கள். "முடிச்சும்மா, ஒண்டுமில்ல" என்றார். மறுபடி சுடர் நேராகி, அமைதியாகக் கீழே இறங்கத் தொடங்கிற்று. அதற்குப் பிறகு அவர் அந்த இடத்தை விட்டு அசையவில்லை.

மாமி நல்ல மனுஷி. ஆனால் வாய் ஓயாது. மகனை உயிரோடு கண்ட செய்தியை வெள்ளவத்தை முழுவதும் சொன்னார். சொன்ன இடமெல்லாம், "கெட்டிக்காரிதான், துணிச்சல்காரிதான், அளவில மட்டும் கொஞ்சம் கவனம்" என்றும் சேர்த்துச் சொன்னார். அது பம்பலப்பிட்டிக்குப் போய், கொட்டாஞ்சேனைக்குத் திரும்பி வந்தது. நேர்த்திக்காரர்கள் நூலைத் தாங்களும் பிடித்துப் பார்க்கத் தொடங்கினார்கள். ஒரு வாயாடி, "அக்கா, எனக்கும் ஒரு சாண் மிச்சம் பிடிச்சிறாதீங்க" என்று பகிடி விட்டார். அவர் நூலை நீட்டி, பிடித்துப் பார்க்கக் கொடுத்தார். நான் ஒருநாள் பொறுக்க முடியாமல், மாமியிடம் உண்மையைச் சொல்லட்டுமா என்று கேட்டேன். அகப்பையைச் சட்டிக்குள் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். அப்படி ஒரு பார்வையை அதற்கு முன்பும் பின்பும் நான் அவரிடம் கண்டதில்லை. நான் பிறகு அதைப் பற்றிப் பேசவே இல்லை.

மழைக்காலம் முடியும் தறுவாயில் மகன் வீட்டுக்கு வந்தான். மெலிந்திருந்தான். கொஞ்ச நாள் சுவரைப் பிடித்து நடந்தான், பிறகு பிடிக்காமல் நடந்தான். நிமிர்ந்து நின்ற முதல் செவ்வாய்க்கிழமை, நன்றித் திரி வைக்க வேண்டும் என்று மாமி அவனையும் என்னையும் இழுத்துக்கொண்டு கொட்டாஞ்சேனைக்கு வந்தார்.

பட்டறையில் கூட்டம். அக்கா அவனை உச்சியிலிருந்து பார்த்தார். கண் இறங்க வெகுநேரம் எடுத்தது. அவனும் அவரைப் பார்த்தான். இரண்டு பேரும் கதைக்கவில்லை, அன்றைக்கு நிலையத்துக்குள் கதைக்காத மாதிரியே.

"பிள்ளை, இந்த முறை எண்டாலும் வடிவா அளவுங்கோ, என்ன" என்றார் மாமி, எல்லோர் முன்னாலும், சத்தமாக. "போன முறை மாதிரிக் கட்டையாக் கடிச்சுப் போடாதேங்கோ."

மகனின் முகம் சட்டென்று மாறிற்று. "அம்மா, அவ அண்டைக்கு…" என்று தொடங்கினான்.

"காலால மிதிங்க தம்பி" என்றார் அக்கா, அவனை முடிக்க விடாமல். நூல் அவன் முதுகு வழியே நேராக ஏறிற்று. உச்சியில் விரலை வைத்துப் பிடித்துக்கொண்டு மாமியைப் பக்கத்தில் கூப்பிட்டார். "வந்து பாருங்கம்மா. சரியா?"

மாமி பெருவிரலில் எம்பி நின்று பார்த்தார். "சரி போலத்தான் கிடக்கு. எதுக்கும் இன்னொருக்கா அளந்து பாருங்கோ."

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். அவர் நூலை விட்டுவிட்டு, மறுபடி குனிந்து, அவன் குதிகாலிலிருந்து தொடங்கினார்.